படலையின் பதினோராவது பெயர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், வந்தவரை மறித்து 'நீர் ஆற்றை மகன்?', அதாவது யாருடைய மகன், என்று ஒருநாளும் கேட்காத ஒரே ஆண்பிள்ளை நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது கணக்கெடுத்தால் தெரியவரும்.

எங்கள் வீடு கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. அப்பா இராசநாயகம் ரயில்வேயில் இருந்து இளைப்பாறியவர். இளைப்பாறிய பிறகு எங்கள் கேற்றடியில், வாசற்கதவோரம், உத்தியோகம் பார்க்கிறார். மின்சார மீற்றர் பார்க்க வந்த பொடியனை ஒருமுறை மறித்து, "தம்பி எவடம்? ஆற்றை மகன்? தாய் எந்தப் பக்கம்?" என்று தொடங்கியவர், அவனுடைய பெரியம்மா கோப்பாயில் யார் வீட்டுக்கு வாழப்போனவர் என்பது வரை போய்த்தான் நிறுத்தினார். பொடியன் உள்ளே வந்து தேநீர் குடித்தான், இரண்டு வடை சாப்பிட்டான், போய்விட்டான். மீற்றரைப் பார்க்கவில்லை. இதைக் 'கேற்றடி நீதிமன்றம்' என்ற தலைப்பில் கம்பஸ் சஞ்சிகையில் எழுதினேன். நல்ல வரவேற்பு. அப்பாவும் வாசித்துவிட்டு, சஞ்சிகை ஆசிரியர் யாருடைய மகன் என்று விசாரித்தார்.

நீங்கள் விளக்கம் கேட்டிருப்பது 'படலை' பற்றி. அதைப் பயன்படுத்துகிறவர்கள் என்ற முறையில் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

படலை என்றால் எங்கள் ஊரில் வேலிக் கதவு; நான் மூன்றாம் வருடத்தில் எழுதிய நிரல் நூலகத்துக்கு அந்தப் பெயரை வைத்தேன். யாரும் காசில்லாமல் எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்ளலாம். ஒரு கைப்பேசி சேர்வர் கணினியிடம் எதையாவது அனுப்பும்போது, மேலே சில தலைப்பு வரிகளையும் வைத்து அனுப்புகிறது. பதில் எந்த மொழியில் வேண்டும், உள்ளே இருப்பது என்ன வகை, இப்படி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர். அந்தப் பெயர்களை வாசித்து உள்ளே அனுப்புவதுதான் படலையின் வேலை. உலகம் ஒப்புக்கொண்ட பெயர்களும் உண்டு, ஆட்கள் தங்கள் தேவைக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் பெயர்களும் உண்டு. இரண்டையும் படலை ஒன்றாகவே நடத்தியது. 'வருகிறவர் யாரென்று கேட்காத படலை' என்று முதற்பக்கத்தில் எழுதி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப கள்ளன் வந்தால்?" என்றார்.

அவருடைய தலைமுறை அப்படி.

இனி சிவதர்ஷன் அண்ணை. பருத்தித்துறைக்காரர். என் அக்கா உதயகலாவுடன் கம்பஸில் படித்தவர். தகப்பன் முத்துக்குமாரு கடற்றொழில் செய்கிறார். எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. அவரும் நானும் ஒரே பிளேட்டில் கொத்துரொட்டி சாப்பிட்டிருக்கிறோம். அப்படிச் சாப்பிட்டதைப் பலரிடமும் சொல்லியிருக்கிறேன்.

தை மாதம் ஒரு மத்தியானம் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே அவரைத்தான் கட்டப்போவதாகச் சொன்னாள். அப்பா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னாள். அப்பா தண்ணீர் குடித்தார்.

"நிரந்தர வேலை ஒண்டு எடுத்துக்கொண்டு வரட்டும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

அக்கா அதை அரைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயிலாக இருக்கலாம்.

வேலை கிடைப்பதற்கு வழியும் இருந்தது. வள்ளங்கள் கரைக்கு வருமுன்பே தங்கள் மீனைக் கைப்பேசியில் அறிவிக்க, சந்தையில் வியாபாரிகள் அதைத் திரையில் பார்க்கும்படி அண்ணை ஒரு மென்பொருள் செய்திருந்தார். எந்த வள்ளம் அறிவிக்கிறது என்பது தலைப்பு வரியில் வரும். அந்த வரிக்கு அவராக வைத்த பெயர் 'எக்ஸ்-வள்ளம்'. கொழும்புக் கொம்பனி ஒன்று புதன்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. பிடித்தால் மென்பொருளையும் அவரையும் சேர்த்தே எடுப்பார்கள்.

அதில் படலையைப் பொருத்தச் சொன்னது நான்தான். "போடுங்கோ அண்ணை, அது ஆரையும் மறிக்காது" என்றேன். அவர் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் படலையின் புதிய பதிப்பை வெளியிட்டேன். காரணம் பாதுகாப்பு. அறியாத பெயரில் எது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே தெரிந்த பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். பட்டியலில் இல்லாத பெயரோடு வரும் வரி சத்தமில்லாமல் கழற்றப்படும். பிழைச்செய்தி எதுவும் வைக்கவில்லை. பிழைச்செய்திகள் ஆட்களின் மனதை நோகடிக்கின்றன.

அண்ணையின் சேர்வர் ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்குப் புதிய பதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். "உம்மடை வேலையில எனக்கு அவ்வளவு நம்பிக்கை தம்பி" என்று அவரே சொல்லியிருந்தார்.

புதன்கிழமை நாற்பத்திரண்டு வள்ளங்கள் அறிவித்தன. மீன் எல்லாம் திரையில் வந்தது. வள்ளத்தின் பெயர் ஒன்றுகூட வரவில்லை. மகாதேவி என்ற வியாபாரி கொழும்பு ஆட்களுக்கு முன்னால் திரையைக் காட்டி, "தம்பி, உந்தப் பாரை மீன் ஆற்றை?" என்று கேட்டாராம். கொழும்பு ஆட்கள் இளநீர் குடித்துவிட்டு, அறிவிப்பதாகச் சொல்லிப் போனார்கள். வெள்ளிக்கிழமை அறிவித்தார்கள். வேண்டாமாம்.

சனிக்கிழமை அண்ணை பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கேற்றடியில் நின்றார். நான் ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி ஆர்?"

"சிவதர்ஷன், ஐயா."

"ஆற்றை மகன்?"

"பருத்தித்துறை முத்துக்குமாருவின்ரை மகன். கடல் தொழில். நானும் லீவிலை கடலுக்குப் போறனான்."

"வேலை?"

"கிடைக்கேல்லை ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அப்பா கேற்றுக் கொளுக்கியைப் பிடித்திருந்தார்.

"உதைச் சொல்ல பஸ் ஏறி வந்தனீரோ?" என்றார். "வெயிலுக்கை நிக்காமல் உள்ளுக்கு வாரும்."

கேற் திறந்தது. எனக்கு இது எதிர்பாராதது. 'கேற்றடி நீதிமன்றம்' கட்டுரையை நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

தேநீர் வந்தது. அண்ணை என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

"உம்மடை பட்டியலை வாசிச்சனான் தம்பி. படலையைப் பாவிக்கிற ஆக்கள் தாங்களா வைச்ச பேர் மொத்தம் பதினொண்டு. கோப்பாய் ரியூசன் சென்டரின்ரை இருக்கு. சாவகச்சேரிக் கோழிப் பண்ணையின்ரை கூட இருக்கு. பத்தையும் தேடித்தேடிச் சேர்த்திருக்கிறீர். என்ரைதான் இல்லை."

உண்மை. பத்தையும் நான் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். பதினோராவதையும் தேடினேன். கண்டேன்.

"ஆர் எவரெண்டு தெரியாமல் எல்லாத்தையும் உள்ளுக்கு விடேலாது அண்ணை" என்றேன்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அக்கா குசினி வாசலில் நின்றாள்.

"அப்பா கேட்டிட்டுத் திறந்தவர்" என்றாள். "நீ கேளாமலே பூட்டினனி."

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. அண்ணை இப்போது தகப்பனோடு கடலுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனோடு வருகிறார். அப்பா கேள்வி ஒன்றும் கேட்காமல் கேற்றைத் திறக்கிறார். வயது போனால் ஆட்கள் இப்படித் தளர்ந்துவிடுகிறார்கள்.

அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருக்கவேண்டும். குறையை உடனே திருத்தினேன். பட்டியலில் பெயர் சேர்க்க விரும்புகிறவர்கள் இனி ஒரு படிவம் நிரப்பவேண்டும். தலைப்பு வரியின் பெயர், அதைப் பாவிப்பவர், அவருடைய தகப்பன் பெயர், எவடம், எங்களுக்குத் தெரிந்த யாராவது அவரை அறிவார்களா. ஐந்தே கேள்விகள்.

முதலாவது படிவம் பருத்தித்துறையில் இருந்து வந்தது. ஐந்துக்கும் பதில் எழுதியிருக்கிறது. ஐந்தாவதில் என் பெயர் இருக்கிறது.

வந்து ஏழு மாதம். படலை இன்றைக்கும் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. அந்தப் படிவத்தைப் பார்க்க எனக்குத்தான் இன்னும் நேரம் வாய்க்கவில்லை.