முளைப்பாரி அறையில் கிடந்த துணி

— கதவைச் சாத்திட்டுப் பேசுட்டி சந்தனம். முளைப்பாரிச் சட்டிக்குப் பின்னால ரத்தத் துணி கெடந்துருக்கு. பூசாரி கண்ணுலயே பட்டுருச்சு.

— அதுக்கு என்னைய எதுக்கு முறைக்கீக, வெள்ளத்தாய் மதினி?

— பொறவு யாரை முறைக்க? மாசத் தூரம் நின்னுபோன பொம்பளைதான் உள்ள போய்த் தண்ணி ஊத்தணும்னு ஊர்க் கட்டு. பொம்பளைகள்ல சாவி நம்ம ரெண்டு பேருகிட்டதான் இருக்கு. எனக்கு நின்ன கதை ஊருக்கே தெரியும். அப்ப யாரு துணி அது?

— பூசாரி நேத்து குடிச்சிட்டு உள்ள போனானே, அதுக்கு முளை வாடலையாக்கும்?

— பேச்சை மாத்தாத. தீபாவளியோட நின்னுபோச்சுன்னு பொய் சொல்லித்தான உள்ள வந்த? சாயங்காலம் கூட்டத்துல சொல்லுதேன். இனி உன் வீட்டுக் கோயில் வரியே வாங்க மாட்டாக. நல்லது கெட்டதுக்கு ஒரு நாய் உன் வாசல் மிதிக்காது, கேட்டியா?

— மிதிக்காட்டி வாசல் சுத்தமா இருக்கும். எனக்கு வரல மதினி.

— வராமலா புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுன?

— பேண்டேஜ் கம்பெனில தறி முன்னால நிக்கையில உடம்பு தீயா எரிஞ்சு வேர்த்து ஊத்துச்சு. நடிக்கேன்னு சொன்னான் சூப்பர்வைசர். அதான் போனேன்.

— டாக்டரம்மா என்னத்தக் கிழிச்சா?

— தலைக்குள்ள ஒரு சுரப்பி இருக்காம். முட்டைப்பையை வேலை செய்யி, செய்யின்னு ஏவுமாம். வயசாக ஆக முட்டைப்பைல சரக்கு தீந்துருது. அது கேக்கலன்னு சுரப்பி இன்னும் சத்தமா ஏவுமாம். நம்ம சூப்பர்வைசரே தான். நூல் தீர்ந்து தறி நிக்கும், அவன் தறியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவான்.

— பேண்டேஜ் சுத்துற கழுதைக்கு வாயைப் பாரு!

— அதான் இந்த வயசுல ஒரு மாசம் வரும், நாலு மாசம் வராது. முழுசா ஒரு வருசம் வரலன்னாத்தான் நின்னதுன்னு அர்த்தமாம்.

— மாட்டுனியா? உனக்கு இன்னும் வருசம் திரும்பல. துணி உன்னுதுதான்!

— வந்துருந்தா வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போறேன். இதுல என்ன களவு இருக்கு? பொம்பளை துணியை மோந்து பார்க்குற ஊருக்குத்தான் வெக்கமில்ல. எனக்கு வந்தாலும் பயமில்லன்னு சொல்லிட்டா டாக்டரம்மா. வருசக்கணக்கா நின்னவளுக்குத் திரும்ப ஒரு சொட்டு பட்டாத்தான், அன்னைக்கே ஓடி வரணுமாம்.

— ஏனாம்?

— கர்ப்பப்பைல கட்டி இருக்கலாம், புத்துநோயாக்கூட இருக்கலாமாம். சீக்கிரம் பார்த்தாப் பிழைக்க வச்சுருவாகளாம்.

— புத்துநோயா? நெசமாவே அப்படிச் சொன்னாளா?

— என்ன, குரல் இறங்கிருச்சு? சாயங்காலம் கூட்டத்துல முழங்கணும்ல? நானும் வாரேன். எல்லார் முன்னாலயும் கேளுங்க.

— கூட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— இம்புட்டு நேரம் நாய் மாதிரி குரைச்சிட்டு, இப்ப என்ன வந்துச்சு?

— அந்த டாக்டரம்மா இன்னைக்கு இருப்பாளாட்டி?

— இருப்பா. உங்களுக்கு எதுக்கு?

— மூணு நாளாப் படுதுட்டி. எனக்கு நின்னு ஆறு வருசமாச்சு. அந்தத் துணி என்னுது.