படியில் செருப்பு இல்லை

சுக்கு தரம் பிரிப்பதில் எனக்குக் கை வேகம் என்று கிடங்கில் எல்லோரும் சொல்வார்கள், மேடம். பேச்சுதான் வராது. "மகா வாயிலயும் சுக்கை அடக்கி வச்சிருக்குல்லோ" என்று விஜி சேச்சி கிண்டல் செய்வாள். இன்று நான் இவ்வளவு பேசுவதைக் கேட்டால் அவளே நம்பமாட்டாள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் கிடங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடும் சரக்கு என்பதால் செருப்பைப் படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பூச்சிக்கு மருந்து வைத்துக் கதவை அடைப்பார்கள். காவல்கார சேவியர் சேட்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கமாட்டார். படியைப் பார்ப்பார். செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. தாழைப் போட்டு, இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டிவிடுவார். பிறகு செவ்வாய்க்கிழமைதான் திறப்பு.

அதே கிடங்கில் வேலை பார்த்த என் அம்மா கற்பகம் நான்கு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் அடைபட்டுச் செத்தாள். செருப்பைப் படியில் விடாமல் போனது அவளுடைய கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். அதனால் வழக்கத்தை மாற்றவில்லை. அடுத்த வருடம் அப்பா, அம்மாவின் தங்கை அமுதவள்ளியைக் கட்டிக்கொண்டார். நான் பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு சித்தியோடு கிடங்குக்கு வேலைக்குப் போனேன்.

இந்த விஷுவுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது சித்தியின் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பழைய பேப்பரில் சுற்றி, அம்மாவின் பச்சை வார் செருப்பு. அப்படியானால் அது அன்று படியில்தான் இருந்திருக்கிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவள் அம்மாவின் வீட்டில் அம்மாவின் இடத்தில் இருக்கிறாள். இதில் சித்தியிடம் கேட்க என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் அவள் போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன்.

போன சனிக்கிழமை மருந்து வைத்து முடித்து எல்லோரும் இறங்கிவிட்டோம். என் கொலுசு ஒன்று பின்கட்டில் விழுந்துவிட்டது என்று சித்தியிடம் சொன்னேன். அது பொய்யில்லை. நானே கழற்றிப் போட்டதுதான்.

"நீ போகாதடி மோளே, உனக்கு மூச்சு முட்டும்" என்றாள் சித்தி. "நான் ஓடிப் போய்ப் பார்த்துட்டு வர்றேன். பையைப் பிடி."

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பையில் அவளுடைய போன் இருந்தது. படியில் கிடந்த அவள் செருப்பை எடுத்து அதே பையில் வைத்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

சேவியர் சேட்டன் வந்து படியைப் பார்த்தார். "செருப்பொண்ணும் காணல. பூட்டுவோம்" என்றார். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தேக்குக் கதவு, வெளியே லாரியில் மூட்டை ஏற்றுகிற சத்தம். உள்ளே தட்டியது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

சித்தி வைப்பின் தீவில் ராக்கம்மாள் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோது சித்தி உள்ளே செத்துக் கிடந்தாள்.

நேற்று இதே ஸ்டேஷனில் அப்பா உங்களிடம் அழுதுகொண்டே சொன்னதை நானும் கேட்டேன். அம்மா செத்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கிடங்குக்கு வந்தேனாம். என் செருப்பு அறுந்துபோனதால் படியில் கிடந்த அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேனாம். "பிள்ளைக்குத் தெரிஞ்சா உசிரை விட்டுடும்" என்று சித்திதான் அதை ஒளித்து வைத்தாளாம். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டாளாம்.

அப்பா சித்தியின் பெயரைக் காப்பாற்றப் பேசுகிறார், மேடம். அன்று நான் வெறுங்காலோடுதான் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் செருப்பை நான் ஒருநாளும் காலில் போட்டதில்லை. அந்தச் செருப்பின் வலது வார், கிடங்கிலிருந்து பாலம் தாண்டுவதற்குள் கட்டைவிரலை அறுத்துவிடும், பிறகு வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.