கிளெனிஸ் பேசிய அரைமணி

"...அதான் ஆளுங்களோட பேசறதுக்குப் பெரிய அடுப்புக்குப் பக்கத்து ரூமைக் குடுத்தோம், வெந்து சாவட்டும்னு! ஒத்துக்கலியே அந்த யூனியன்காரன்! ஒத்துவரலேன்னா ஆளுங்க சாப்பிடற இந்த எடத்துலயே வந்து பேசுவேன், அதான் சட்டம்னுட்டானாம். உக்காரும்மா. புதுசா சேந்திருக்கியா? நான் கிளெனிஸ். இந்த பிஸ்கட் ஃபாக்டரிக்கே சூப்பர்வைசர். இந்த பல்லாரட் ஊர்லயே என்னைத் தெரியாதவங்க கெடையாது.

இன்னிக்குத்தான் வர்றானாம். தடுக்கவும் கூடாதாம், தடுத்தா அபராதமாம்! மேனேஜர் ராட்னி என்ன சொன்னான் தெரியுமா? 'கிளெனிஸ், நீ தடுக்க வேணாம், சும்மா பேசு. உன் வாய்க்கு முன்னாடி எவன் பேசிடுவான்?' ஹும்! இதுக்கு மட்டும் கிளெனிஸ் வேணும்.

அட்டைய அப்புறம் காட்டும்மா, டீ குடி.

இந்த ராட்னி இருக்கானே... எனக்குப் பட்டைத்தூள் ஆகாது, தும்மல் வரும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? சூப்பர்வைசர்னும் பாக்காம, அந்தத் தூள் தூவற பிஸ்கட் ஓடற பெல்ட்டுலயே நிக்க வெச்சான். ஒரு தும்மல்! பல்செட்டு பறந்து போயி, பிஸ்கட்டோட பிஸ்கட்டா அடுப்புக்குள்ள போயிடுச்சு! பொன்னிறமா வெந்து வந்துச்சும்மா... சிரிக்காதே! டூப்போ, நீயும் சிரிக்காதே!

அதை ஆறவிடாம எடுத்து மாட்டிக்கிட்டேனா, வாய் வெந்து ரணமாகி, பல்லு வைத்தியர்கிட்ட ஓடினேன். அந்த நாளை ராட்னி என் வருஷ லீவுல கழிச்சிட்டான். ஏன் கண்ண அப்படி முழிக்கிறே? என்ன தலையாட்டறே, நோய்க்குத் தனி லீவு உண்டா? எடுக்காத லீவு சேந்துக்கிட்டே வருமா? அடப்பாவி! டூப்போ, உனக்கும் முதுகு புடிச்சப்போ அப்படித்தானே? மார்லீன், உனக்கு? பாத்தியா, பாத்தியா! ஆர்டர் ஜாஸ்தியான நாள்ல சாப்பாட்டு நேரத்துலயும் பெல்ட்டு நிக்கக் கூடாதுன்னு ஒரு கையால சாண்ட்விச்ச புடிச்சுக்கிட்டு... என்ன எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறீங்க? அந்த ஆளு வந்துட்டானா? எங்கே?"

எல்லோரும் எதிரே இருந்தவளைத்தான் பார்த்தார்கள். அவள் அரைமணி நேரமாகக் கையில் பிடித்திருந்த அட்டையை ஒருவழியாக மேசைமேல் வைத்தாள். இலாரியா, தொழிற்சங்க அதிகாரி, நுழைவு அனுமதி.

கிளெனிஸ் அந்த அட்டையை எடுத்து இரண்டு முறை படித்தாள். அதற்குள் டூப்போவும் மார்லீனும் இன்னும் பதினோரு பேரும் சங்கத்தில் சேர வரிசை கட்டிவிட்டார்கள். அவளும் மெல்லப் போய்க் கடைசியில் நின்றுகொண்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்ததும் ராட்னி ஓடி வந்தான். "அந்தப் பொம்பளை அப்படி என்ன பேசினா இவங்ககிட்ட?"

கிளெனிஸ் நிமிர்ந்தாள். "ஒரு வார்த்த பேசல. நான் பேச விட்டாத்தானே!"