டேங்க் மூடியில் ஒரு சொட்டுப் பசை

கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பெட்ரோல் வாடை ஆகாது. இதை டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. என் மகள் காரில் ஏறியதுமே மூக்கைப் பொத்திக்கொள்வாள். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப்போய், வளைவில் திரும்பினால் பெட்ரோல் வழிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிவைத்திருந்தார். அவர் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் வரும்.

ஆகவே நானே கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கிவந்தேன். வீட்டு வாசலிலேயே வேலை. பழையதைத் தாங்கியிருந்த வாரை வெட்டி, டேங்க் வாயைத் துணியால் துடைத்து, புதியதைத் திருகினால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. எழுதிக்கொள்கிறீர்கள் அல்லவா ஐயா? நிதானமாகவே சொல்கிறேன்.

அந்த மாதிரிப் பழைய கார்களின் மூடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைபட்டால், கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் வராமல் இன்ஜின் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும்; வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். நான் அந்தத் துளையில் ஒரு சொட்டுப் பசை விட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வீடு பார்த்து, சாமான் கட்டிய பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தார்கள். என் மனைவி போனபின் எனக்கென்று இருப்பது இவள் ஒருத்தி. வயிற்றுப் பிள்ளையோடு அவளைக் கண் காணாத ஊரில் கொண்டுபோய் வைத்து, அந்த மனிதர் என்ன பார்த்துக்கொள்வார்? சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என் மகளைத்தான் கூப்பிடுவார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

முதல் தடவை கிளம்பியபோது, டேங்கை நிரப்பிக்கொண்டு போகும்படி அக்கறையாகச் சொல்லி அனுப்பினேன். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு; வண்டி சீக்கிரம் நிற்கும். நின்றது. போன் வந்தது. ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்து, பானெட்டைத் தூக்கி, மாப்பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "அந்த ஒயரையே பாத்துக்கிட்டு இருங்க, கண்ணை எடுக்காதீங்க" என்றேன். மனிதர் தவம் கிடப்பதுபோல் நின்றார். நான் பின்பக்கம் போய் மூடியைத் திறந்து மூடினேன். வண்டி கிளம்பியது. இந்த ஓட்டை வண்டியை நம்பி, இந்த நிலைமையில், இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டேன். சாமானோடு திரும்பிவிட்டார்கள்.

மாப்பிள்ளை மெக்கானிக்கிடம் காட்டினார். மெக்கானிக் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அடுத்த தடவையும் அதே கூத்துதான். மாமனார் கை பட்டால்தான் வண்டி ஓடும் என்று ஆபீசில் வேறு பெருமையடித்துக்கொண்டாராம். கடைசியில், பிரசவம் முடியட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

நான் பொறுப்பில்லாதவன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான். அதுவரை வண்டி நிற்காது. நானே ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் வலி எடுத்து அங்கே போனதும், குழந்தையின் துடிப்பு சரியில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். அவர்களுடைய ஆம்புலன்ஸ் வேறு யாருக்கோ போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி நெடுஞ்சாலையில் வெகுதூரம். மாப்பிள்ளையோ, நான் சொல்லிப் பழக்கியபடி, முந்தின நாள்தான் டேங்கை நிரப்பியிருந்தார்.

வண்டி நின்றது. இரண்டு பக்கமும் பொட்டல் காடு. மகளின் தலை என் மடியில். மாப்பிள்ளை பானெட்டைத் திறந்தார். ஆனால் இந்த முறை அங்கேயே நிற்கவில்லை. வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாமா, நீங்க கை வெச்சா கிளம்பும். எழுந்து வாங்க மாமா."

இறங்கினேன். அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டார். நான் பின்பக்கம் போனால் அவரும் வந்தார். அவர் கண்ணெதிரே மூடியைத் திறந்து, அது 'உஸ்' என்று சொல்லி, வண்டியும் கிளம்பினால், அந்த மரமண்டைக்குக்கூட விளங்கிவிடும். அப்புறம் என் மகள் ஒரு நாளாவது என் வீட்டில் இருப்பாளா? இன்ஜின் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அவள் தலையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்பா, ஏதாவது பண்ணுங்கப்பா" என்றாள்.

நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

வெகுநேரம் கழித்து ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். மகள் பிழைத்தாள். பிறந்தது பையன். மூச்சு இல்லை. துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். அழுதேன் ஐயா. அது நடிப்பு இல்லை.

நெடுஞ்சாலையில் கிடந்த வண்டியை எடுக்கப் போன மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து, துளையில் இருந்த பசையைப் பார்த்துவிட்டார். அதோடு குட்டு உடைந்தது. புகார் கொடுத்தது மாப்பிள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் என் மகளின் கையெழுத்தைக் காட்டுகிறீர்கள். இருவரும் பஸ் ஏறி அந்த ஊருக்கே போய்விட்டார்கள் என்றும் சொல்கிறீர்கள். பஸ் என்று ஒன்று இருப்பதை நான் யோசிக்கவே இல்லை, பாருங்கள்.

ஆமாம், செய்தது நான்தான். பசை விட்டதும் நான்தான், திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அவளுக்கு இப்போது என்மேல் கோபம், அவ்வளவுதான், ஆறிவிடும். அடுத்த பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போவாள்?