இரண்டு தட்டு

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. பிழை பார்த்தே நரைத்தவன், பழக்கம் விடுவதில்லை.

எங்கள் அச்சகத்தில் ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் அச்சாகும். மெய்ப்பு அறையில் இரண்டே பேர், நானும் என் மனைவியின் தம்பியும். அவன் மூலப்பிரதியை உரக்க வாசிப்பான். நான் அச்சுத்தாளோடு ஒத்துப் பார்ப்பேன். குறிகளையெல்லாம் வாயால் சொன்னால் பொழுது போய்விடும் என்று மேசையில் விரல் முட்டியால் தட்டுவது வழக்கம். கேள்விக்குறிக்கு ஒரு தட்டு. ஆச்சரியக்குறிக்கு இரண்டு.

ஆச்சரியக்குறியோடு எனக்குப் பகை கிடையாது. வீடு தீப்பற்றினால் போடலாம். அப்போதும் ஒன்று போதும். முன்பு ஒருவர் வரிக்கு மூன்று போட்டு அனுப்பி, எங்களிடம் அந்த அச்செழுத்தே தீர்ந்துபோய், ஆங்கிலச் சின்ன 'ஐ'யைத் தலைகீழாக நட்டு ஒப்பேற்றினோம். அதைச் சரிபார்க்க நானும் ஒரு வாரம் தலைகீழாக நின்றேன். கழுத்து இன்னும் நேராகவில்லை, பாருங்கள்.

கேள்விக்குறி அடக்கமானது. முதுகை வளைத்து நிற்கும். அதற்கும் இடம் தெரிய வேண்டும். 'சாப்பிட்டாயா' என்று நேரே கேட்டால் உண்டு. சாப்பிட்டானா என்று அவள் கேட்டதாகச் சொன்னால், ஆங்கிலத்தில் வெறும் முற்றுப்புள்ளிதான். மச்சானுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. இல்லாத இடத்தில் இரண்டு தட்டு தட்டுவான்.

"மூலத்துல இருக்கா மச்சான்?"

"இல்ல அத்தான். இருந்தா நல்லாருக்குமேன்னு. பிள்ளைங்க பாவம், தூங்கிடும்ல."

"நீ வாசி. தூங்குறவங்கள நான் பாத்துக்கறேன்."

சிரிப்பான். அந்தச் சிரிப்பில்தான் அவன் கள்ளம் எனக்கு முதலில் தட்டுப்பட்டது.

பிறகு மேலாளர், இனி அந்த அறைக்கு ஒரு நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மச்சான் அவர் அறைக்குத் தனியாகப் போய்வர ஆரம்பித்தான். நான் போனால் பேச்சு நிற்கும். கேட்காமலே எனக்குத் தேநீர் வாங்கி வந்தான். "காது கேக்குதா அத்தான்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டான். என்னைச் செவிடனாக்கி நாற்காலியைப் பிடிக்கிறான் என்று புரிந்துகொள்ள மெத்தப் படித்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் காகிதக் கிடங்கு. ஈரம் புகாத இரும்புக் கதவு, விளிம்பெல்லாம் ரப்பர், உள்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே போகிறவர்கள் இடுக்கில் ஒரு காகிதக் கட்டை வைத்துவிட்டுப் போவார்கள். அன்று எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மச்சான் பழைய பிரதி ஒன்றை எடுக்க உள்ளே போனான். கட்டு நகர்ந்து கதவு மூடிக்கொண்டது.

கட்டு தானாக நகராது என்பீர்கள். சரி, என் கால்தான். கால் தவறி என்று முதலில் சொல்லியிருந்தேன். 'தவறி' என்பதை அடித்துவிடுங்கள்.

அவனுக்கு இழுப்பு நோய் உண்டு. மூச்சுக்கு அடித்துக்கொள்ளும் மருந்து மேசைமேல் இருந்தது. தொலைந்துபோகக் கூடாதே என்று என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. அடுத்தடுத்துப் போடாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நான் கையிலிருந்த தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முறையாகக் கேட்டால் திறக்கலாம் என்றுதான் இருந்தேன். கூச்சலுக்குத் திறந்து பழக்கினால் அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும்.

கடைசியில் ஒரே ஒரு தட்டு, மெதுவாக. கேள்விதான். ஆனால் முன்னால் வாக்கியமே இல்லாத கேள்விக்குறியை வைத்து என்ன செய்வது? பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டு வந்தவர்கள் திறந்தபோது அவன் கதவோரம் மூச்சற்றுச் சரிந்து கிடந்தான்.

மேலாளர் என்னை ஓரமாக அழைத்து, "பெரியவரே, அவருக்கு வேற எடத்துல வேலை கெடச்சிருந்துச்சு. நாற்காலிய அத்தானுக்கே விட்டுடுங்கன்னு சொன்னார். உங்க காத மட்டும் டாக்டர்கிட்ட காட்டணும்னு கவலப்பட்டார்" என்றார்.

உங்களிடமும் அதையே சொன்னாராம். வேலை கிடைத்தவன் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அன்று காலையிலேயே வீட்டில் என் முகத்துக்கு நேரே சொன்னானாம், நானும் தலையாட்டினேனாம். என் மனைவி அழுதுகொண்டே சொல்கிறாள். அக்காவும் தம்பியும் கூட்டு, ஐயா. அவளையும் கொஞ்சம் விசாரியுங்கள்.