ஒன்பதாம் எண்ணைக் கழற்றிய கைகளுக்கு

முப்பத்தோராண்டுகள் எங்கள் வார்டின் விழியாகவும் வழியாகவும் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் தலைமைச் செவிலியர் அவர்களே! ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஒதுங்க இடம் தந்த உள்ளமே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பைச் சக ஊழியர்கள் பதிவேட்டு அறை எழுத்தரிடம் தந்தார்கள். அலங்காரம் அறியாதவர் அவர். தம் தங்கையைப் பற்றி மட்டும் சொல்லத் தெரிந்தவர். அதையே பாராட்டாக ஏற்றருள்க.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, நம் வார்டின் ஒன்பதாம் கட்டிலில் கிடந்த தங்கை சொன்னாள்: "அக்கா, வரும்போது என் செருப்பத் தைச்சு எடுத்துட்டு வா. வார் அறுந்து கிடக்கு." அவள் கணவரை எய்ட்ஸ் முந்தைய ஆண்டே கொண்டுபோயிருந்தது. எழுத்தர் தைத்த செருப்போடு திரும்பியபோது அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயது மகள் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உடலிலும் அந்தக் கிருமி இருந்தது. "பிள்ளையக் கூட்டிட்டு வந்தீங்கன்னா நீங்களும் காலி பண்ணிடுங்க" என்றார் எழுத்தர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர். அப்படிக் கதவடைக்கப்பட்ட குழந்தைகள் இன்னும் எட்டுப் பேர் இருந்தனர். தாங்கள் கூட்டம் போடவில்லை. பூட்டிக்கிடந்த தையல் பள்ளி ஒன்றை வாடகைக்குப் பிடித்தீர்கள். நம் அறக்கட்டளை பிறந்தது அன்றுதான்.

வார்டையே வாழ்க்கையாகக் கொண்ட தாங்கள் அந்த வீட்டையும் வார்டாகவே அமைத்தீர்கள் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்கிறோம். கட்டிலுக்குக் கட்டில் எண் தகடு, காலடியில் காய்ச்சல் அட்டை, காலை ஆறு மணிக்கு விரிப்பு மாற்றம். "லிப்ட் ஒண்ணுதான் பாக்கி, சிஸ்டர்!" என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கிண்டலடித்தார். வயது வரிசையில் கடைசியாக நின்ற தங்கை மகளுக்கு ஒன்பதாம் கட்டில்.

அவள் அதில் படுக்கவில்லை. மாத்திரையைத் துப்பினாள். ஒரு நாளல்ல, மூன்று நாள். மருந்து நின்றால் அவளும் நிலைக்கமாட்டாள். எழுத்தர் கெஞ்சினார், அதட்டினார், அழுதார். தாங்கள் தரையில் உட்கார்ந்து, "ஏன்டா தங்கம்?" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தாள்.

"நீங்க விரிப்ப மாத்திடுவீங்க சிஸ்டர். அப்புறம் நான் எங்க இருப்பேன்?"

தாங்கள் திருப்புளியைத் தேடி எடுத்து, முதலில் ஒன்பதாம் தகட்டையும் பிறகு மற்ற எட்டையும் கழற்றினீர்கள். அட்டைகள் அலமாரிக்குள் போயின.

"எனக்கு வார்டு மட்டும்தான் தெரியும், கண்ணு. வீடு எப்படி இருக்கணும்னு நீதான் சொல்லணும்."

"கட்டில எல்லாம் ஒட்டிப் போடுங்க."

பெரிய டாக்டர் அதட்டினாலும் அசையாத தாங்கள், அந்த உத்தரவுக்குப் புடவையைச் செருகிக்கொண்டு ஒன்பது கட்டில்களையும் தள்ளினீர்கள். அதன் பிறகு அவள் தண்ணீர் கேட்டாள். மாத்திரைக்கு.

பதினாறு ஆண்டுகளில் அறுபத்து மூன்று பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். நால்வரை இழந்தோம்; தாங்கள் அழுத நாட்கள் அவை நான்குதான்.

ஓயாத தங்கள் முழங்கால்களுக்கு இனியேனும் ஓய்வு கிட்டுக! பகலில் படுத்தெழும் பாக்கியம் பெருகுக! பல்லாண்டு நலத்தோடு, அந்தப் பிள்ளைகளின் பேச்சொலி சூழ வாழ்க!

தங்கை மகளுக்கு இப்போது வயது இருபத்திரண்டு. இன்றும் மாத்திரையை விழுங்கியதும், தங்களிடம் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.

தங்கள் அன்பில் நனைந்த
வார்டு, பதிவேட்டு அறை, ஆம்புலன்ஸ் ஊழியர்கள்