கீல் ஓரத்தில் நின்ற மணிகள்

தண்ணீர் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. நாம் பார்ப்பதெல்லாம் அதில் மிதந்துபோகும் இலையையோ நுரையையோதான். அந்த இலையைப் படம் பிடித்து ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிடுவது என் வேலை. இலைக்குப் பதிலாகத் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி மணிகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன். கதவு மாதிரி கீலில் திறந்து மூடும் செயற்கை இதய வால்வை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பொருத்துவோம். ரத்தம் அளவுக்குக் கெட்டியான ஒரு திரவத்தை, இதயம் துடிக்கிற மாதிரி விட்டுவிட்டு அதன் வழியே தள்ளுவோம். மணிகளைக் கலந்து, லேசர் வெளிச்சத்தைத் தாள் மாதிரி விரித்து, கண் இமைப்பதற்குள் இரண்டு படம் எடுப்போம். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே மணி எவ்வளவு நகர்ந்ததோ, அதிலிருந்து வேகம்.

அளந்தால் போதாது, அளந்தது சரியா என்றும் பார்க்க வேண்டும். ஒரு வட்டத் தட்டில் புள்ளிகளை ஒட்டி, எனக்கு முன்பே தெரிந்த வேகத்தில் சுழலவிட்டு, கேமரா என்ன சொல்கிறது என்று சோதிப்பேன். பிழை அரை சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. ஆய்வகத்தில் எனக்குப் பெயரே 'அரைப் பர்சென்ட்'. கேன்டீன்காரர்கூட டீயை வைத்துவிட்டு, "சர்க்கரை சரியா இருக்கா, அரைப் பர்சென்ட்?" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வால்வை அளந்த வாரம், படம் பிடிக்கும் பெண் கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சார், கீல் ஓரத்துல மணியெல்லாம் அப்படியே நிக்குது. நகரவே இல்ல."

"உலோகத்துல லேசர் பட்டுத் தெறிக்குதும்மா. அந்த இடத்தை மட்டும் கறுப்பு அடிச்சிடுங்க, கணக்குல வராது."

"நிஜமாவே நிக்கிற மாதிரிதான் சார் இருக்கு. அங்க ரத்தம் நின்னா உறைஞ்சிடாதா?"

"நிக்குதா, தெறிக்குதான்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா? முடியாதில்ல? அப்ப அது அளவே இல்ல."

நான் சொன்னது நியாயம்தான். அந்த மூலையில் மட்டும் பிழை பதினான்கு சதவீதம். அதையும் சேர்த்தால் மொத்தப் பிழை இரண்டைத் தாண்டிவிடும். பிறகு கேன்டீனில் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

மறுநாள் சனிக்கிழமை, அவளுக்கு விடுமுறை. நானே லேசரைச் சாய்த்து வைத்து மறுபடி பார்த்தேன். தெறிப்பு இல்லை. மணிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அறிக்கை முந்தின நாளே போய்விட்டது. அனுப்பிய அறிக்கையைத் திரும்ப வாங்கும் பழக்கம் எனக்கில்லை.

அதே வருடம் அக்காவின் கணவருக்கு வால்வு மாற்ற வேண்டி வந்தது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அடித்தளத்தில் நின்று பேசினால் எட்டாவது மாடிக்குக் கேட்கும். மருத்துவர் இரண்டு வால்வுகளைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணு நீ அளந்ததாமே. அதையே வச்சுடலாமாடா?"

மற்றதை வை என்றால் ஏன் என்று கேட்பாள். ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள்.

"வச்சுடலாம்க்கா."

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "மச்சான் அளந்துட்டான்ல, அப்புறம் என்ன யோசனை?"

ஏழு மாதம் நன்றாக இருந்தார். எட்டாம் மாதம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வலது கை விளங்காமல் அப்படியே சரிந்தார். பேச்சு போய்விட்டது. 'ஆமா' மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வலிக்கிறதா என்றாலும் ஆமா, என்னைத் தெரிகிறதா என்றாலும் ஆமா. மூன்றாவது வாரம் பக்கவாதம் மறுபடி வந்தது. அதில் போய்ச் சேர்ந்தார்.

வால்வை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். "வேற யாரும் தொட வேண்டாம். நீதான்டா பொய் சொல்ல மாட்ட."

மருத்துவமனை அதை ஒரு சிறிய பாட்டிலில் அனுப்பிவைத்தது. கீல் ஓரத்தில் மிளகு அளவுக்கு ரத்தம் உறைந்திருந்தது. அதை அளந்தேன். பிறகு இடுக்கியால் எடுத்துப்போட்டு, வால்வைக் கழுவி, பெட்டிக்குள் பொருத்தி, எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். கீல் ஓரத்துக்கு இந்த முறை நானே கறுப்பு அடித்தேன். 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இன்னும் முப்பத்தொரு பேருக்கு அந்த வால்வை வைத்தார்கள். அவர்களில் ஒன்பது பேருடைய கோப்புகள் உங்கள் மேசையில் இருக்கின்றன. பழைய படங்களை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பெண்தான் என்று புரிகிறது. எதையும் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள். வேலையில் சுத்தமானவள்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை முழுக்கப் படித்துவிட்டேன். அத்தானோடு சேர்த்துப் பத்துப் பேர், சரி. தெரிந்தே மறைத்தேன், சரி. அக்காவிடம் பொய் சொன்னேன், அதுவும் சரி. இரண்டாம் பக்கத்தில் மட்டும் 'அளவீட்டுப் பிழையின் காரணமாக' என்று ஒரு வரி இருக்கிறது. மணிகள் நின்ற இடமும் ரத்தம் உறைந்த இடமும் மயிரிழைகூடப் பிசகவில்லை. நானே இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செய்யாத தப்பை நான் எப்படி ஒப்புக்கொள்வது?